நூற்றுக்குப் பதினான்கு பதர்

ஏப்ரல் 7

இந்த நோட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வயல் பதிவுக்காகக் கொடுத்தது. பின்பக்கம் நாற்பது தாள் காலியாக இருக்கிறது. அதில் சொந்த விஷயம் எழுதுவது தப்புதான், மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் இதை? நோட்டிடம்தான் போலிருக்கிறது. என்னால் நான்கு பேர் நடுவில் பேச முடிவதில்லை. பேசாததை எங்கேயாவது வைக்க வேண்டியிருக்கிறது.

இன்று ஊரில், அப்பா வயலில், முப்பத்தொன்றாம் நம்பர் நெல்லில் முதல் பூ திறந்த நேரம் காலை 7.10.

மற்ற நெல்லெல்லாம் ஒன்பதரைக்கு மேல்தான் உமியைத் திறக்கும். அதற்குள் மேற்கிலிருந்து சுடுகிற மேல்காற்று எழுந்துவிடும். சூல்முடி காய்ந்து, மகரந்தம் செத்து, திறந்த உமி ஒன்றுமில்லாமல் மூடிக்கொள்ளும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பதர். முப்பத்தொன்று காற்றுக்கு முன்னால் பூத்துக் காற்றுக்கு முன்னால் மூடிவிடுகிறது. பெயர் வைக்காத கலப்பு, அதனால் நம்பர்தான் பெயர். மூன்று வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த முதல் கலப்பு. உமி நுனியைக் கத்தரித்து, ஒவ்வொன்றிலும் ஆறு மகரந்தப் பையை இடுக்கியால் எடுத்து, மறுநாள் வேறு கதிரின் தூளைத் தட்டி, காகித உறை போட்டு மூடினேன். நூற்றிருபது பூவில் ஒன்பதுதான் பிடித்தது.

மாளவிகா மேடம்தான் எங்கள் விஞ்ஞானி. மன்னார்குடிக்காரர், ஆனால் பத்து வருடம் வடக்கே கோதுமையில் வேலை பார்த்தவர். அங்கே கோதுமை பால் பிடிக்கிற சமயத்தில் மேற்கிலிருந்து ஒரு சுடுகாற்று வருமாம். நான்கே நாளில் மணி சுருங்கிவிடுமாம். அதைத் தாங்குகிற கோதுமையைத் தேடியவர், இப்போது அதே காற்றுக்கு நெல்லைத் தேடுகிறார். அங்கே பயிர் வேறு, காற்று ஒன்றுதான் என்பார்.

ஏப்ரல் 10

சோதனை இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று நிலையத்தில். இன்னொன்று எங்கள் ஊரில், கூத்தாநல்லூர் பக்கம், அப்பாவின் குத்தகை வயலில். பதினாறு கலப்பு, ஒப்பிட ஊர் ரகம் ஒன்று, ஒவ்வொன்றும் மூன்று பாத்தி, கலைத்துப் போட்டது. விதி ஒன்றுதான். எல்லாம் பூக்க ஆரம்பித்துவிட்டதால் இன்றிலிருந்து பத்து நாள் தண்ணீர் கிடையாது. காற்றும் காய்ச்சலும் சேர்ந்து அடிக்கட்டும், எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. வரப்பில் நின்று, "பூத்த பயிரக் காயப்போடுறதா? புள்ளத்தாச்சிக்குச் சோறு போடாத மாதிரில்ல இருக்கு" என்றார். இது பரீட்சை என்றேன். பரீட்சை எழுதப் போகும்போது நீ சாப்பிடாமலா போனாய் என்று கேட்டார்.

பிறகு மெதுவாக, உன்னுது எது என்றார். முப்பத்தொன்றின் மூன்று குச்சிகளையும் காட்டினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. அப்பா ஒவ்வொரு பாத்தியிலும் குனிந்து பார்த்தார்.

ஏப்ரல் 13

மூன்று நாளைக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து விடியலில் வயலைப் பார்த்துவிட்டு எட்டரை பஸ்ஸில் தஞ்சாவூர் திரும்புகிறேன். இன்று முப்பத்தொன்றில் மண் கொஞ்சம் கறுத்திருந்தது. 'ஈரம் — பனி?' என்று முன்பக்கத்தில் குறித்தேன்.

ஏப்ரல் 17

நிலையத்தில் நேற்று மாலை கொட்டித் தீர்த்துவிட்டது. அங்கே இப்போதுதான் பூக்க ஆரம்பித்திருந்தது. காற்றும் குளிர்ந்துவிட்டது. மேடம் குடையை மடக்காமல் வயலோரத்தில் நின்று, "இங்க பரீட்சை முடிஞ்சுது. இனிமே உங்கப்பா வயல்தான்" என்றார்.

ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை. சந்தோஷப்பட்டேன்.

மே 19

அறுவடை முடிந்து ஐந்து நாளாகிறது. அன்றிலிருந்து பதர் எண்ணுகிறேன். பாத்திக்குப் பத்துக் கதிர். ஒவ்வொரு மணியையும் இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து அழுத்த வேண்டும். அழுந்தினால் பதர். கட்டைவிரல் நகம் தேய்ந்துவிட்டது.

ஊரில் எல்லோரும் போடுகிற ரகத்தில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு பதர். மற்றக் கலப்புகளில் நாற்பத்தைந்து முதல் அறுபது வரை. முப்பத்தொன்றில் பதினான்கு.

மூன்று பாத்தியிலும். மறுபடி எண்ணினேன். பதினான்கு, பதிமூன்று, பதினைந்து.

மேடத்திடம் தாளை நீட்டியபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கோதுமையில் பத்து வருடத்தில் இப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்லை என்றார். என் தோளில் கை வைத்தார். இதுவரை யாரும் அலுவலகத்தில் என்னைத் தொட்டதில்லை. அறிக்கையில் உன் பெயரும் வரும் என்றார். எங்கள் வீட்டில் அச்சில் பெயர் வந்தது ரேஷன் கார்டில் மட்டும்தான்.

மே 26

ஊருக்கு வந்தேன். வந்திருக்கக் கூடாது.

பக்கத்து வயல் சலாஹுதீன் மாமா வந்திருந்தார். குவைத்தில் பதினெட்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுப் போன வருடம்தான் திரும்பி வந்தவர். வாப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரில் தானே இறங்கி விவசாயம் பார்க்கிறார். வரும் குறுவைக்கு முப்பத்தொன்றில் விதை வேண்டும் என்றார். போன ஆடியில் அவர் வயலில் பாதி பதராகப் போனது. இன்னும் வெளியிடாத நெல், கொடுக்கக் கூடாது என்று நான் தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

அவர் சிரித்தார். "அதெப்படி? வைத்தியண்ணன் பால்குடம் எடுத்து வளத்த பயிராச்சே. எனக்குப் பிரசாதம் கிடையாதா?"

வைத்தியண்ணன் என்றது அப்பாவை. பால்குடம் என்னவென்று எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். சித்திரை வெயிலில், உச்சி வேளையில், ஊரே படுத்திருக்கும்போது அப்பா குடத்தில் தண்ணீர் மொண்டு தோளில் வைத்து வரப்பு வரப்பாகப் போனாராம். ஒரு பாத்தியில் ஊற்றிவிட்டு இன்னொன்றுக்குப் போவாராம். நடுவில் இருந்ததற்கெல்லாம் ஒரு சொட்டு இல்லையாம். "அண்ணனுக்கு என்ன வேண்டுதலோன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். மறைக்கவேயில்லை.

"ஊத்தினேம்மா. நீ பஸ் ஏறினப்புறம் ஊத்துவேன். செத்துருமோன்னு பயமா இருந்துச்சு."

"மத்த பாத்திக்கு ஏம்ப்பா ஊத்தல?"

"மத்ததெல்லாம் ஆபீசு பயிரு. அது உன் பயிரு."

ஒரு நாள் விடாமல் பத்து நாள். மூன்று பாத்திக்கும் சேர்த்து நாளைக்கு அறுபது குடம் என்று கணக்குச் சொன்னார். தோளில் தோல் உரிந்த இடத்தை அம்மா தேங்காயெண்ணெய் போட்டு ஆற்றியிருக்கிறாள். அதையும் எனக்குத் தெரியாமல்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பரவாயில்லப்பா என்றேன். அதைத்தான் சொன்னேன்.

மே 27

பூப்பது விடியலில்தான். அது பொய் இல்லை, என் கண்ணால் பார்த்தது. தண்ணீர் ஊற்றாமல் இருந்திருந்தாலும் முப்பத்தொன்று மற்றதைவிட நன்றாகத்தான் வந்திருக்கும். இருபது பதர் வந்திருக்கும். முப்பதே வரட்டும்.

இல்லை. எனக்குத் தெரியாது. தெரியாததற்குத்தானே சோதனை.

மேடத்திடம் சொன்னால் சோதனை முழுதும் செல்லாது. அப்பா செய்தார் என்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் சிரிப்பார்கள். படிக்காதவர் வயலில் போட்டால் இப்படித்தான் என்பார்கள். அந்த வார்த்தை அப்பா காதில் விழாவிட்டாலும் என் காதில் விழுமே.

நாளைக்குச் சொல்லலாம்.

ஜூன் 3

மேடம் அறிக்கையை அனுப்பிவிட்டார். என் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். அறை வாசலில் நின்றேன். என்ன செம்மொழி, என்ன விஷயம் என்றார். ஒன்றுமில்லை மேடம் என்றேன்.

ஜூன் 8

அப்பா மாமாவுக்கு விதையைக் கொடுத்துவிட்டார். நிலையத்துக்கு எடுத்துப்போனது போக வீட்டில் ஒரு சிப்பம் மீதி இருந்தது. வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தேன். ஏன் என்று கேட்டார். நீங்கள் ஊற்றிய தண்ணீரால் என்று சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டார். சொல்லவில்லை. வெளியிடாத நெல் என்று அதையே திருப்பிச் சொன்னேன். டீக்கடையில் நாலு பேர் முன்னால் பாய் கேட்டுவிட்டார், எப்படி இல்லையென்பது என்றார். குரலில் எவ்வளவு சந்தோஷம். மகள் செய்த நெல்லை ஒருவர் கேட்டு வாங்கிப் போகிறார்.

ஒற்றை நாற்றாக நட்டால் இரண்டு ஏக்கருக்கும் வருமாம்.

ஜூலை 14

நடவு முடிந்து பச்சை பிடித்துவிட்டது. மாமா வயலில் ஒரு பலகை நட்டு, சுண்ணாம்பால் 31 என்று எழுதி வைத்திருக்கிறார். போகிற வருகிறவர்களிடம், வைத்தியண்ணன் பாப்பா பட்டம் வாங்கினதும் வாங்காததும் இந்த வயலில்தான் தெரியும் என்கிறாராம்.

ஆகஸ்ட் 20

ஆடி போயும் மேல்காற்று அடங்கவில்லை. இந்த வருடம் காற்றில் ஈரமே இல்லை. துவைத்த துணி கால் மணி நேரத்தில் விறைத்துவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆயிற்று. எல்லோரும் போர் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறார்கள்.

மாமா வயல் பூத்திருக்கிறது. வரப்பில் நின்று பார்த்தேன். மண்ணில் விரல் நுழைகிற அளவு வெடிப்பு.

நாலு பேர் சேர்ந்து போட்ட போர் அது, ஆளுக்கு ஒரு நாள் முறை. உங்கள் முறை எப்போது மாமா என்று கேட்டேன். போரில் பங்குள்ள பரணிதரனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன், அவன் போட்டிருப்பது சாதா நெல், பாவம், வயல் வாடுகிறது என்றார். ஒரு முறை இல்லை, இரண்டு முறையும்.

"தண்ணி கட்டுங்க மாமா" என்றேன்.

"எதுக்கு? இது தாங்குற நெல்லாச்சே."

"இல்ல மாமா, கட்டுங்க. பூக்கிற நேரம்."

"நீ படிச்சத நீயே நம்ப மாட்டேங்கிறியே. நாங்க நம்புறோம் பாரு, எங்களச் சொல்லணும்." சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அந்தப் பதினான்கு பதர் அப்பா ஊத்தின குடத்துத் தண்ணியில வந்தது, நம்பாதீங்க மாமா. வாய் வரை வந்தது. எதிர்வரப்பில் அப்பா புல் அறுத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

ஆகஸ்ட் 24

இன்னும் காற்று.

செப்டம்பர் 4

மாமா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வயலில் இறங்கினேன். திருடி மாதிரி. நூறு மணி எடுத்தேன். அறுபத்தொன்று பதர். இன்னொரு மூலையில் எடுத்தேன். அறுபத்து நான்கு.

பரணிதரன் வயலில் எண்ண வேண்டியதேயில்லை. மணி நிறைந்து கதிர் தொங்குகிறது.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. இன்னும் முழுதாக ஒரே குணத்துக்கு வராத கலப்பு இது, செடிக்குச் செடி கொஞ்சம் மாறும். விறைத்து நிற்கிற கதிர்களுக்கு நடுவில், இருபதடிக்கு ஒன்று, தலை குனிந்து நிற்கிறது. ஒன்றை அழுத்திப் பார்த்தேன். அடி முதல் நுனி வரை மணி. யாரும் குடம் தூக்காமல். பார்த்ததும் மனசு ஒரு கணம் குதித்தது. குதித்ததற்காக வெட்கமாக இருந்தது. என்ன பெண் நான்.

செப்டம்பர் 6

மாமா அப்பாவைத் தேடி வந்தார். நானும் இருந்தேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். கையில் ஒரு கதிரை வைத்திருந்தார்.

"நா எதுல தப்பு பண்ணேன்னு சொல்லும்மா. நாத்து வயசு ஏறிப்போச்சா? உரம் கூடிப்போச்சா? பதினெட்டு வருசம் ஏசியக் கழட்டி மாட்டினவன். எனக்கு மண்ணப் பத்தி என்ன தெரியும்?"

நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்றேன். அப்படியானால் வேறு யார் என்று அவர் கேட்கவில்லை. கதிரைக் கீழே போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அப்பா வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "நா ஊத்தின தண்ணிதானா?" என்று கேட்டார்.

நான் அழுதேன். அதுவே பதிலாகிவிட்டது. அப்பா சாப்பிடவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

நான் மே மாதமே சொல்லியிருந்தால் அவர் இதைச் சுமக்க வேண்டியிருந்திருக்காது. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். என்னத்தக் காப்பாத்தினேன்? என்னைத்தானே காப்பாத்திக்கிட்டேன்?

செப்டம்பர் 9

மேடத்திடம் சொல்லிவிட்டேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது. குடம், மூன்று பாத்தி, பத்து நாள், மாமாவின் இரண்டு ஏக்கர், அறுபத்தொன்று. எல்லாவற்றையும்.

எப்போது தெரியும் என்று கேட்டார். மே மாதம் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வயல் நோட்டை வாங்கி முன்பக்கங்களைப் புரட்டி, ஏப்ரல் 13-இல் நான் 'பனி?' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். "ஏப்ரல் வெயில்ல எந்த ஊர்ல பனி?" என்று கேட்டார். பிறகு அறிக்கையை எடுத்து முப்பத்தொன்றின் வரியைச் சிவப்பு மையால் அடித்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார். கீழே போட்டேன். என் பெயர் அச்சில் வரும் என்று சொன்ன அதே தாள்.

இந்த வருடக் கடைசியோடு வேலை முடிகிறது. மேலே எழுதியாக வேண்டும், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். சரி என்றேன். வாசல் வரை போனபோது கூப்பிட்டார்.

"அந்த பாய்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல மேடம்."

"மொதல்ல அங்கதான் போயிருக்கணும் நீ."

செப்டம்பர் 13

அப்பாவும் வந்தார். நான் கூப்பிடவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார்.

மாமா வீட்டு முன்கூடத்தில் வைத்துச் சொன்னோம். நான் ஆரம்பித்தேன். குடத்தைச் சொல்ல வந்தபோது அப்பா, "நாந்தான் பாய் ஊத்தினேன்" என்றார். நான் மறித்து, அவருக்குத் தெரியாது, தெரிந்தது எனக்குத்தான், மே மாதத்திலிருந்து தெரியும் என்றேன்.

மாமாவின் உம்மா சைத்தூன் பீவி உள்ளிருந்து டீ கொண்டுவந்தார். புள்ளையை ஏன் நிற்க வைத்திருக்கிறீர்கள் என்று மகனைக் கடிந்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. காது மந்தம்.

மாமா டீயை வாங்கிக் கீழே வைத்தார்.

"அன்னைக்கி வரப்புல நின்னு தண்ணி கட்டுங்க மாமான்னு சொன்னியே. ஏன்னு சொல்லிருந்தா கட்டியிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. எப்போதும் கேட் வரை வந்து அனுப்புகிறவர் இன்று எழவில்லை.

வரும் வழியில் அப்பாவிடம், மாமா இனி என்ன செய்வார் என்று கேட்டேன். திரும்ப குவைத்துக்குப் பழைய கம்பெனியிலேயே கேட்டிருக்கிறாராம். வயலை அறுக்கிற கூலிக்குக்கூடத் தேறாது. ஆட்டை விட்டு மேய்த்துவிடப் போகிறார். கிடை போடுகிற ஆள் பதினேழாம் தேதி காலையில் வருகிறான்.

செப்டம்பர் 15

இரண்டு நாளாக ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எந்த முகத்தோடு கேட்பது? அவர் வயல் அழிந்ததில் எனக்கு ஒரு லாபம் தேடுவது போலாகிவிடாதா? ஆனால் உண்மையான சோதனை அங்கேதான் நடந்திருக்கிறது. தண்ணீர் இல்லாமல், குடம் இல்லாமல், மேல்காற்றில். இரண்டு ஏக்கர். யாரும் மனதறிந்து இவ்வளவு பெரிய சோதனை போடமாட்டார்கள். நாளை மறுநாள் ஆடு வந்துவிட்டால் அதில் தேறி நின்ற கதிரும் போய்விடும். அப்புறம் அவர் இழந்தது வெறும் இழப்பாக மட்டும் நிற்கும்.

மேடத்திடம் போனில் கேட்டேன். வேலை இருக்கிறதோ இல்லையோ, கொண்டுவந்தால் விதைக்க ஒரு பாத்தி தருகிறேன், ஆனால் அவர் வயல், அவரிடம் நீதான் கேட்க வேண்டும் என்றார்.

செப்டம்பர் 16

காலையில் தனியாகப் போனேன். அப்பாவை வரவேண்டாம் என்றேன். மாமா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தார்.

இதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. காலேஜில் விடைத்தாளைத் திருப்பிப் பார்க்கக்கூடக் கேட்டதில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். தரையைப் பார்க்கக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"மாமா, நாளைக்கு ஆடு விடுறதுக்கு முன்னாடி, இன்னைக்கு ஒரு பொழுது நான் உங்க வயல்ல எறங்கிக்கட்டுமா? நெறஞ்ச கதிரு அங்கொண்ணும் இங்கொண்ணுமா நிக்கிது. அத மட்டும் வெதைக்கு எடுத்துக்கிறேன்."